வியூ எங்களுக்கு, காணி ஆருக்கு?

மார்கழி வந்தால் எங்கட வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் மலையேறத் தொடங்கிவிடும். பள்ளிக்கூட விடுமுறை, ஒஃபீஸ் லீவு, கனடாவிலிருந்து வந்து நிற்கிற சித்தப்பா குடும்பம். "எல்லக்குப் போவமா, நுவரெலியாவுக்குப் போவமா?" என்று தொடங்கும் கதை, "வானுக்கு ஆளுக்கு எவ்வளவு?" என்பதில் வந்து நிற்கும். இந்தப் பயணங்களை நாங்களும் விரும்புகிறவர்கள்தான். வெயிலில் காய்ந்த தரையில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் ஒரு ஆடம்பரம். வாயால் புகை விட்டுப் பார்க்கும்போது இருபத்தெட்டு வயதிலும் சின்னப்பிள்ளையாகிவிடுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையைப் பயணம் போகாதவர்களின் புலம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். போய் வந்தவர்கள்தான் எழுதுகிறோம்.

குடும்பப் பயணம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரவு சாப்பாட்டோடு வான் ஏ9 இல் ஏறும். விடியப்புறம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். பிறகு றம்பொடை அனுமார், சீதாஎலிய, ஹக்கலை பூங்கா, கிரகரி வாவி. பின் சீற்றில் காஸ் குக்கர், புட்டு, சம்பல், முதல் நாளே பிரட்டி எடுத்த இறைச்சிக் கறி. அம்மாமார் வீட்டில் செய்யும் அதே வேலையைக் குளிரில் செய்வார்கள். அது தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டிய விசயம். பெடியள், பெட்டையள் தனியாகப் போனால் வழி கொஞ்சம் மாறும். லிட்டில் அடம்ஸ் பீக், லிப்டன் சீற், தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தடாகங்கள், இப்போது புதிதாகப் பீக்கோ ட்ரெயில்.

இரண்டு விதப் பயணத்துக்கும் பொதுவாக ஒரு படம் உண்டு. பச்சை மலை, அதில் வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை, முன்னால் நாங்கள், பின்னால் எங்கோ நாலைந்து நிறப் புள்ளிகளாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள். சிலர் இன்னும் கிட்டப் போய், கூடையை வாங்கித் தங்கட தலையில் மாட்டிப் படம் எடுப்பார்கள். கூடைக்காரி சிரித்துக்கொண்டு நிற்பார். அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கொழுந்து நிறை குறையும். தோட்டம் கேட்கும் கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். முழுப் பேர் விழுந்தாலும் எவ்வளவு? அடிப்படை நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021 இல். 1350 ஆனது 2024 இல். ஒவ்வொரு உயர்வுக்கும் வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. எங்கட ஹைக்கிங் சப்பாத்தின் விலையை அந்தக் கணக்கால் பிரித்துப் பாருங்கள்.

போன முறை நாங்கள் பதினொரு பேர் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து மலைக்குப் போனோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே அழகான ஓடை. களைப்பு. உடனே இறங்கிவிட்டோம். சோப், ஷம்பு, அட்டை கடித்த இடத்துக்குப் போட்ட சவர்க்கார நுரை, எல்லாம் அந்தத் தண்ணியில்தான். அரை மணித்தியாலம் போயிருக்கும், கீழேயிருந்து ஒரு அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தோம். அவர் ஏசவில்லை. "தம்பிமாரே, கொஞ்சம் கீழ தள்ளிப் போய்க் குளிங்க. இந்தத் தண்ணிதான் பைப்புல எங்க லயத்துக்கு வருது. பிள்ள மடுவத்துக்கும் இதுதான்" என்றார். பிள்ளை மடுவம் என்றால் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே கரைக்கும் பால்மாவில் எங்கட ஷம்பு. அதைவிட எங்களைச் சுட்டது அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசியதுதான். தன் குடிதண்ணியைக் கேட்க அவருக்கு ஏன் கூச்சம் வரவேண்டும்?

திரும்பி வரும் வழியில் வானில் இதைப் பற்றித்தான் சண்டை. "எங்களுக்குத் தெரியாது தானே" என்றது ஒரு பகுதி. தெரியாதுதான். தெரிந்துகொள்ள ஒரு தேவையும் எங்களுக்கு வரவில்லை என்பதுதான் பிரச்சினை. அந்த மலையில் எங்கே வியூ நல்லாயிருக்கும், எத்தனை மணிக்கு மூட்டம் விலகும், எங்கே சிக்னல் கிடைக்கும், எல்லாம் போகமுதலே தேடி வைத்திருந்தோம். ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் தேடவில்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மலையகத்தில் பார்க்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது; அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களுக்குக் காணி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்தப் பயணமும் அரைகுறைப் பயணம்.

"ட்ரிப்புக்கும் அரசியலா?" என்று கேட்பீர்கள். "நாங்கள் போனால் அவையளுக்கும் வருமானம் தானே?" என்றும் கேட்பீர்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது, ஆகவே அதை எடுப்போம். வருமானம் யாருக்குப் போகிறது? பழைய துரை பங்களாக்கள் சில இன்று விலைகூடிய விடுதிகள். அதே தோட்டத்தின் லயத்தில் இருக்கிற ஒரு குடும்பம் பயணிகளுக்கு ஒரு அறை கட்டி வாடகைக்கு விட முடியுமா? முடியாது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இலிருந்து அவற்றை நடத்தும் பொறுப்பு கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயக் காம்பரா தோட்டத்துடையது. அதற்குள் பிறந்து, கலியாணம் செய்து, பேரப்பிள்ளை கண்டவரிடம் காணி உறுதி என்று ஒரு கடதாசி இல்லை. உறுதி இல்லாமல் வங்கி கடன் தராது, கடை போட முடியாது, நாலு மரக்கறிக் கன்று வைப்பதற்கும் மற்றவர் மனம் வேண்டும். நாங்கள் கொண்டுபோகும் காசு அவர்களின் வாசலைத் தாண்டிப் போகிறது. அதிலும் குடும்பப் பயணங்கள் புட்டு முதல் போத்தல் தண்ணி வரை வீட்டிலிருந்தே கொண்டுபோகின்றன. அந்த ஊருக்கு நாங்கள் விட்டுவருவது பெரும்பாலும் லஞ்ச் ஷீற் மட்டும்.

வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, ஏழு பேர்ச் காணி என்றார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பரப்புக் கணக்கில் பேசுகிறவர்கள், ஒரு பரப்புக்குப் பத்து பேர்ச். ஏழு பேர்ச் ஒரு பரப்புக்கும் வராது. வேலிக்கு ஒரு முழம் தள்ளிப்போனாலே வழக்குப் போடுகிற ஆட்கள் நாங்கள். இருநூறு வருடம் ஒரு மலையைத் தோட்டமாக்கியவர்களுக்கு அந்த ஏழு பேர்ச்சும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டால் எங்களுக்குக் கோபம் வரத்தானே வேண்டும்?

பீக்கோ ட்ரெயிலை எடுங்கள். ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். தேயிலை கொண்டுபோன பழைய தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கியது. நல்ல பாதை, நடக்க வேண்டிய பாதை. ஆனால் அந்தப் பாதைகளை வெட்டியது யார், அதில் மூட்டை சுமந்தது யார் என்று நடக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே உச்சியில் லிப்டனுக்கு இருக்கையும் உண்டு, சிலையும் உண்டு. கொழுந்து எடுத்த ஒருவரின் பெயரில் ஒரு மலையுச்சியை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

தியலுமவுக்குப் போனவர்கள் எங்களில் நிறையப் பேர். 220 மீற்றர் உயரம், மேலே கூடாரம் அடித்துப் படுக்கலாம், விடியலில் வியூ அள்ளும். அதே கொஸ்லந்தைப் பகுதியில்தான் மீரியபெத்தையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வரும்போது வீடு இருந்த இடத்தில் சேறு. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறு காணி இல்லாத ஆட்களுக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மண்சரிவு அறிவித்தல் வந்தால் நாங்கள் ஹோட்டல் புக்கிங்கைக் கான்சல் பண்ணுவோம். அவர்கள் எதைக் கான்சல் பண்ணுவது?

இதில் எங்கட பங்கையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அதைச் செய்தது கொழும்பு என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கொழும்பு கண்டுபிடிக்கவில்லை. எங்கட வீட்டு விறாந்தைகளில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்குக் கூப்பிட்டு வைத்திருந்த வீடுகள் எங்கட ஒழுங்கைகளிலும் இருந்தன. கலவரங்களில் அடிபட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களை இங்கே எழுத விரும்பவில்லை. அதே நாங்கள்தான் மார்கழியில் மலைக்குப் போய் "வாட் எ பீஸ்ஃபுல் பிளேஸ்" என்று ஸ்டோரி போடுகிறோம்.

நடை என்றால் ஒரு நடையைச் சொல்ல வேண்டும். 1820களிலிருந்து தமிழகத்துக் கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. அந்த வழியை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய ஒரு நடை ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்தது. காணி, வீடு, சமமான குடியுரிமை என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்களில் மூன்று பேர் ஒரு நாள் மட்டும் சேர்ந்து நடந்தோம். மிச்சப் பேர் அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு உச்சிக்கு ஏற மூன்று மாதம் திட்டம் போடுகிற எங்களுக்கு, எங்கட மாகாணத்தில் தொடங்கிய அந்த நடைக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே போகாதீர்கள் என்று சொல்லமாட்டோம். போங்கள், அடிக்கடி போங்கள். ஆனால் விருந்தாளியாகப் போங்கள். ஒரு நேரமாவது அங்கேயே கடையில் சாப்பிடுங்கள். வழிகாட்டத் தோட்டத்துப் பெடியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர் கொடுப்பதுபோலச் சம்பளம் கொடுங்கள். "நாங்களும் தமிழ் ஆக்கள் தானே" என்று விலை குறைக்கவேண்டாம். ஓடையில் இறங்கமுதல் கீழே குழாய் போகிறதா என்று பாருங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து வீடியோ போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கட தங்கச்சியை அப்படி யாரும் எடுத்தால் பொறுப்பீர்களா?

இதெல்லாம் மரியாதை மட்டும்தான். மரியாதையால் காணி கிடைக்காது. வடக்கில் இராணுவம் பிடித்த காணிக்காக எங்கட அம்மாமார் கொட்டகை போட்டு இருந்தபோது நாங்கள் போய் இருந்தோம், எழுதினோம், கத்தினோம். மலையகத்தில் காணி உறுதி கேட்கும் கூட்டங்களுக்கும் அப்படிப் போகவேண்டும். வாக்குக் கேட்டு வருகிற எங்கட கட்சிக்காரரிடம், அதைப் பற்றி உங்கட நிலைப்பாடு என்ன என்று விறாந்தையில் வைத்தே கேட்கவேண்டும்.

இந்த மார்கழியும் குழுவில் கதை தொடங்கிவிட்டது. நாங்கள் அதே தோட்டத்துக்குத்தான் போகிறோம். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். இந்த முறை முதலில் லயத்துக்குப் போய்க் கேட்போம், மலை பிறகு.