இறுக்காத முடிச்சு



ஈரல் மாற்றுச் சத்திர சிகிச்சை என்றதும், பழுதான ஈரலை அகற்றிவிட்டு நல்லதொன்றை வைப்பதுதானே என்று எண்ணி விடுகிறோம். வைத்த ஈரலுக்குத் தடையின்றிக் குருதி ஓட வழிசெய்வதில்தான் அதன் வெற்றி தங்கியிருக்கின்றது.

பெரும்பாலான உறுப்புகளைப் போலல்லாது, ஈரலுக்கு இரு வழிகளால் குருதி வருகின்றது. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் வாயினாளம் ஏறத்தாழ முக்காற்பங்கைக் கொண்டு வருகின்றது. எஞ்சியதை ஈரல் நாடி தருகின்றது. பங்கு சிறிதென்று நாடியை அலட்சியம் செய்ய முடியாது. மாற்றி வைத்த ஈரலின் பித்தக்கான்கள் அதனை நம்பியே இருக்கின்றன. அதில் குருதி உறைந்து அடைத்துக் கொண்டால் அவை பழுதடைந்து, இன்னொரு ஈரல் தேட வேண்டிய நிலையும் வந்துவிடலாம்.

இதனைத் தடுக்க வைத்தியர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, ஊசி பிடித்துப் பழகிய உங்களுக்கு எளிதில் விளங்கும். துணியில் நூலோட்டி இறுக்கி இழுத்தால் என்ன ஆகும்? துணி சுருங்கும். இரு குருதிக் குழாய்களின் வாய்களை வட்டமாகத் தொடர் தையலால் இணைக்கும்போதும் இதுவே நடக்கின்றது. இணைப்பு ஒடுங்கினால் ஓட்டம் குறையும், குருதி உறையும். 1963இல் மனிதருக்கு முதன்முதலாக ஈரல் மாற்றிய அமெரிக்க வைத்தியர் தோமஸ் ஸ்டார்ஸலும் அவரது சகாக்களும் 1984இல் இதற்கொரு வழியை வெளியிட்டார்கள். முடிச்சைக் குழாயின் சுவரோடு ஒட்டிப் போடாமல், சற்றுத் தள்ளிப் போடுவதே அது. குருதியைத் திறந்து விட்டதும் குழாய் விரிகின்றது. மிச்சம் விட்ட வழுக்கும் நூல் தையலுக்குள் இழுபட்டுச் செல்ல, இணைப்பும் அகலமாகின்றது.

குழாயின் நீளமும் கவனிக்கப்படுகின்றது. கூடினால் மடியும், குறைந்தால் இழுபடும். உயிரோடிருப்பவர் தம் ஈரலின் ஒரு பகுதியை வழங்கும்போது, தைக்க வேண்டிய நாடி சில மில்லிமீற்றர் அகலமே இருக்கும். ஜப்பானின் கியோட்டோ நகர வைத்தியர்கள் 1990களின் ஆரம்பத்தில், அதனை நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்துத் தைக்கும் முறையைக் கையாண்டார்கள்.

சகோதரிகளே! உங்கள் உறவில் ஒருவருக்கு இச்சிகிச்சை நடந்தால், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் அடிக்கடி ஸ்கேன்?" என்று சலித்துக் கொள்ளாதீர்கள். டொப்ளர் ஸ்கேன் மூலம் அந்தக் குழாய்களில் குருதி ஓடுகின்றதா என்றே பார்க்கிறார்கள். அடைப்பு ஆரம்பத்தில் வெளியே தெரியாமலிருக்கலாம். நேரத்தோடு கண்டால் திறந்து சீர்செய்து ஈரலைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால், கிடைத்தற்கரிய அந்த ஈரலே கைநழுவிப் போய்விடக் கூடும்.