திருப்பிச் செய்ய வேண்டாத மொய்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துதான். கறிச்சோறு ஒரு பக்கம், மொய் எழுதும் மேசைகள் ஒரு பக்கம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த மேசையில் நிரந்தரமாக ஓர் இடம் உண்டு. திருப்பிச் செய்யும் பழைய நடை எவ்வளவு, புதிதாகச் செய்யும் புது நடை எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீனும் கிடையாது. வாங்கியவர் காலமாகிவிட்டால் அவர் மகன் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார். இந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகும் இந்தப் பழக்கம் அற்றுப் போகவில்லை.

இவ்வளவு பணத்தை வெறும் நம்பிக்கையின் பேரில் புழங்கத் தெரிந்த மாவட்டத்துக்கு, ஊருக்கு உழைக்கும் சிறு அமைப்புகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொதுநிதி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மாவட்டத்து மக்களின் பணம், மாவட்டத்துக்குள்ளேயே முடிவு, ஆண்டுதோறும் மானியம்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஓய்வு பெற்ற பிறகு சில சிறு அறக்கட்டளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒன்று, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பகல்நேர மையம். வேனுக்கு டீசல், ஆயா சம்பளம், மதியச் சாப்பாடு, புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் இயன்முறை மருத்துவருக்கு மாதச் சம்பளம். செலவு இவ்வளவுதான். ஒரு நிறுவனம் பெரிய டி.வி.யும் நாற்காலிகளும் கொடுத்து, சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனது. சம்பளத்துக்கு உதவுங்கள் என்று கேட்டதற்கு, அதற்கெல்லாம் எங்கள் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி விழுந்ததும் அந்த இயன்முறை மருத்துவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் கைபிடித்துப் பழக்கியதில் ஒரு பையன் தானாக டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தான். பயிற்சி நின்ற சில மாதங்களில் அவன் விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. டி.வி. இன்னும் புதுசாகவே இருக்கிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி நாடு முழுக்கக் கோடிகளில் புரள்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம் தன் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவழிக்க வேண்டும். ஆனால் தான் இயங்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். பெரிய ஆலைகள் அதிகமில்லாத வானம் பார்த்த பூமிக்கு அதில் எவ்வளவு வந்து சேரும்? வெளிநாட்டுப் பணத்துக்கோ 2020இல் கதவு இன்னும் இறுகிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு, அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவே கூடாது. ஆலங்குடி, அறந்தாங்கி அளவில் இயங்கும் சிறு அமைப்புகளுக்குப் பெரிய அமைப்புகள் வழியாக அந்தப் பணம் வந்துகொண்டிருந்த பாதை அத்தோடு அடைபட்டது.

நான் கேட்பதுபோல் ஒரு பொதுநிதியை முதலில் அமைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் வங்கி நடத்திய ஃபிரடெரிக் காஃப். இறந்தவர்கள் என்றைக்கோ எழுதி வைத்த நோக்கங்கள் காலாவதியாகி, அறப்பணம் பயனில்லாமல் முடங்கிக் கிடப்பதை அவர் பார்த்தார். அசலைத் தொடாமல் வைத்து, அதன் வருமானத்தை எதற்குக் கொடுப்பது என்று உள்ளூர்க் குழு ஒன்று காலத்துக்கேற்ப முடிவு செய்யட்டும் என்று 1914இல் ஏற்பாடு செய்தார். அந்த நிதி இன்றும் நடக்கிறது. அமெரிக்கத் தமிழர்கள் 1974இல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளை, நம் மாநிலத்துப் பணிகளுக்குப் பணம் திரட்டி அனுப்பி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே 1974இல்தான்.

நம் மண்ணிலும் முன்னுதாரணம் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுக் கேட்டு 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். திருக்கோகர்ணத்து ஞானாலயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் சொந்தச் சம்பளத்தில் புத்தகம் புத்தகமாக வாங்கி, லட்சத்துக்கு மேல் சேர்த்த நூலகம். அப்படிப்பட்ட செல்வத்தைக் காக்கும் பாரம் ஒரு வீட்டின் தோளிலேயே இருக்கலாமா? 2022இல் இலங்கை மக்கள் பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, நம் மாவட்டத்து டீக்கடை ஒன்றில் மொய் விருந்து வைத்து நிதி திரட்டினார்கள். டீயைக் குடித்துவிட்டு மொய் வைத்தவர்களில் யாரும் அது தன் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

வழக்கமான மொய்யின் குறையும் அந்தத் திருப்பிச் செய்தலில்தான் இருக்கிறது. திருப்பிச் செய்ய வசதியுள்ளவருக்குத்தான் மொய் வரும். சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும்தான் அது பெரும்பாலும் சுற்றி வருகிறது. நிலமில்லாத கூலிக்காரரின் பெயரை எத்தனை நோட்டில் நான் எழுதியிருக்கிறேன் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பகல்நேர மையத்துப் பிள்ளைகள் யாருக்கும் எதையும் திருப்பிச் செய்யப் போவதில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்து மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். ஒரு கோடி ரூபாய் வைப்புநிதி என்றால் தலைக்கு 7 ரூபாய் கூட ஆகாது. 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 7 லட்சம், அதாவது ஏழு அமைப்புகளுக்குத் தலா ஒரு லட்சம். அந்த மையத்தில் ஒரு லட்சம் இருந்திருந்தால் இயன்முறை மருத்துவர் போயிருக்க மாட்டார்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட முக்கியம். ஒரு முறை கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகக் கூடாது, மூன்று ஆண்டு தொடர்ந்து கொடுக்க வேண்டும். சம்பளம், வாடகை, ஆடிட்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் செலவழிக்க அனுமதி வேண்டும். விண்ணப்பம் தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டையும் ஊரறிய எழுதி ஒட்ட வேண்டும். குழுவில் இருப்பவர் தன் அமைப்புக்கு வாங்கக் கூடாது. மணமேல்குடியும் ஆவுடையார்கோவிலும் விராலிமலையும் விட்டுப் போய், பணம் முழுக்க டவுனுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது. வேங்கைவயல் நடந்த மாவட்டம் இது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட அந்தப் பட்டியலின மக்களின் தெருவிலிருந்து வருகிறவரும் அந்தக் குழுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இதைப் பொதுநிதி என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை.

ஆட்சியர் கூட்டம் போட்டால் வணிகர் சங்கமும் ரோட்டரியும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் வருவார்கள் என்று நம்புகிறேன். மொய் விருந்து வைப்பவர்களிடம் நானே கேட்கத் தயார். ஆனால் ஒரு முள்ளை டெல்லியில்தான் எடுக்க முடியும். பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்குக் கொடுக்கும் தொகையில் 85 விழுக்காட்டை மட்டுமே அறச்செலவாக ஏற்கிறது வருமான வரி விதி. 2024 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. பிறருக்குக் கொடுப்பதையே வேலையாகக் கொண்ட நிதிக்கு இது பெரிய அடி. சிறு நிதிகளுக்கு விலக்கு வேண்டும். இதை டெல்லியில் நமக்காகக் கேட்க வேண்டியவர்கள் யார்? தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், நம் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என்று நான்கு பக்கம் சிதறிக் கிடக்கின்றன. ஆக, நம் ஓட்டையும் வாங்கிப் போன எம்.பி.க்கள் நான்கு பேர். அடுத்த கூட்டத்தொடரில் அந்த நால்வரும் சேர்ந்து நிதியமைச்சரிடம் இந்த விலக்கைக் கேட்க வேண்டும்.