நோயில்லாதவர்களுக்கு ஒரு மருந்து

நோய் வந்த பிறகு வைத்தியரைத் தேடுவதுதான் மனித சுபாவம். தலை வலித்தால்தான் சுக்கு ஞாபகத்துக்கு வருகிறது. வயிறு நொந்தால்தான் ஓமத்தின் அருமை தெரிகிறது. அப்படியிருக்க, உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத மனிதரிடம் போய், "தினந்தோறும் ஒரு மாத்திரை சாப்பிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் சுலபத்தில் இணங்கி விடுவாரா? அதிலும், வாயால் சொல்லவே கூசும் ஒரு வியாதியைத் தடுப்பதற்காக அந்த மாத்திரை என்றால் கேட்க வேண்டியதில்லை. இன்றைய வைத்திய சாஸ்திரம் இந்தச் சங்கடத்தில்தான் அகப்பட்டுக் கொண்டிருக்கிறது. வியாதியின் பெயர் எச்.ஐ.வி. அதை வருமுன் காக்கும் மருந்தை 'ப்ரெப்' என்று அழைக்கிறார்கள்.

குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இவ்விஷயத்தை எழுதலாமா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். எழுதாமலிருந்ததன் பலனை நாம் ஏற்கெனவே பார்த்தாகி விட்டது. 1986-ம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி ஒருவரும், இந்தியாவிலும் இக்கிருமி புகுந்து விட்டது என்பதை முதன் முதலாகக் கண்டறிந்தார்கள். அதுவரையில், இது அந்நிய தேசத்து வியாதி, நம்முடைய ஒழுக்கமே நமக்குக் கோட்டை என்று எண்ணியிருந்தவர்கள் பலர். கிருமிகளுக்குத் தேசமும் கிடையாது, ஜாதியும் கிடையாது. இன்று நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்கிறார்கள். கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்கள் எத்தனையோ பேர், அந்தக் கணவன் மூலமாகவே இதை அடைந்திருக்கிறார்கள். ஆகையால் குடும்பப் பத்திரிகை பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மருந்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கின்றன. எச்.ஐ.வி. கிருமி நம் இரத்தத்திலுள்ள ஒரு வகை அணுவுக்குள் நுழைந்து, தன்னைப் போலவே ஆயிரமாயிரம் பிரதிகளை உண்டாக்கிக் கொள்கிறது. இம்மருந்து முன்கூட்டியே உடம்பில் இருந்தால், அந்தப் பிரதியெடுக்கும் காரியம் தடைப்படுகிறது. விழுந்த விதை வேரூன்றாமலே போய் விடுகிறது. கென்யா, உகாண்டா ஆகிய இரண்டு தேசங்களில், தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 4,700-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரு மருந்தும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களிடையே தொற்று 75 சதவிகிதம் குறைந்தது என்று 2012-ல் முடிவு வெளியாயிற்று. தவறாமல் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு, உடலுறவின் மூலம் தொற்றும் அபாயம் சுமார் 99 சதவிகிதம் குறைகிறது என்பது இன்றைய கணக்கு. அமெரிக்க சர்க்கார் 2012-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல், அபாயத்துக்கு உள்ளாகக் கூடிய எல்லோருக்கும் இதை வழங்கலாம் என்று சிபாரிசு செய்தது.

அப்படியானால், மருந்து கைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் வியாதி ஏன் ஒழியவில்லை? விலை ஒரு காரணம். வாசற்படி இன்னொரு காரணம். அந்தரங்க வியாதிகளுக்கென்று தனியே பலகை மாட்டிய வைத்தியசாலையின் படியில் ஏறுவதை விட, வியாதியின் வாயில் தலையைக் கொடுப்பதே மேல் என்று எண்ணுகிற மனிதர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றாலோ ஒரு நாள் கூலி போய் விடுகிறது. உடம்பு நன்றாயிருக்கும்போது யார் அந்தக் கூலியை இழப்பார்கள்?

இந்த இடத்தில்தான் தெருமுனை மருந்துக் கடை நம் கவனத்துக்கு வருகிறது. குழந்தையின் ஜுரத்துக்கு மருந்து வாங்க வரும் தாயாரும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வரும் பெரியவரும், இருமல் மருந்து கேட்கும் மாணவனும் ஏறுவது ஒரே படிதான். அதில் ஏறுகிறவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும். முன்கூட்டி நேரம் குறித்துக் கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் சீயாட்டில் நகரத்திலுள்ள கெல்லி-ராஸ் என்னும் மருந்துக் கடை, 2014-ம் ஆண்டிலேயே இந்த வேலையைத் துணிந்து ஆரம்பித்தது. ஒரு டாக்டருடன் செய்து கொண்ட உடன்படிக்கையின் பேரில், கடையிலிருந்த மருந்தாளுநர்களே வந்தவர்களுடன் பேசி, சோதனைகளுக்கு ஏற்பாடு செய்து, மாத்திரையையும் கொடுத்தார்கள். பின்னர் கலிபோர்னியா ராஜ்யம் 2019-ல் ஒரு சட்டமே செய்தது. பயிற்சி பெற்ற மருந்தாளுநர், டாக்டர் சீட்டு இல்லாமலே, முதலில் 30 நாளைக்கும், மிஞ்சினால் 60 நாளைக்கும் இம்மருந்தைக் கொடுக்கலாம் என்று அச்சட்டம் கூறியது.

சட்டம் பிறந்தவுடன் கடைகளெல்லாம் கதவை அகலத் திறந்து விட்டன என்று நேயர்கள் நினைத்தால் ஏமாந்து போவார்கள். முன்வந்த கடைகள் சொற்பமே. காரணம் எளிதில் ஊகிக்கக் கூடியதுதான். மாத்திரைக்கு விலை உண்டு. ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து விசாரித்து, சோதித்து, புத்தி சொல்லும் மருந்தாளுநரின் உழைப்புக்குக் கூலி கொடுப்பார் இல்லை. அறுபது நாளைக்குப் பிறகு டாக்டரைத் தேடித்தான் ஆக வேண்டும் என்ற வரம்பு வேறு. இக்குறைகளைப் போக்குவதற்காக 2024-ல் சட்டத்தைத் திருத்தி, 90 நாள் வரையிலும், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் அதற்கு மேலும் கொடுக்க இடம் செய்தார்கள். சாப்பாடு போடாமல் பந்தி விரித்தால் யார் வந்து உட்காருவார்கள்? கூலிக்கு வழி செய்யாத சட்டமும் அப்படித்தான்.

கலிபோர்னியாவில் தடையாக நின்றது பணம் என்றால், தென்னாப்பிரிக்காவில் தடையாக நின்றது வைத்தியர்களின் கோபம். உலகத்தில் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்கிறவர்கள் மிக அதிகமாயுள்ள தேசம் அதுவே. அங்கே மருந்தாளுநர் கவுன்சில், விசேஷப் பயிற்சியும் அனுமதியும் பெற்ற மருந்தாளுநர்கள் தடுப்பு மருந்தையும் ஆரம்ப சிகிச்சையையும் தாங்களே அளிக்கலாம் என்று 2021-ல் திட்டம் வகுத்தது. தனியார் வைத்தியர்களின் ஸ்தாபனம் ஒன்று, இது எங்கள் எல்லைக்குள் பிரவேசிப்பதாகும் என்று கோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ல் ஹைகோர்ட் வழக்கைத் தள்ளியது. 2024-ல் அப்பீல் கோர்ட்டும் தள்ளியது. இடையில் மூன்று வருஷம் போய் விட்டது. வழக்குக்கு வாய்தா கொடுக்கலாம். கிருமி வாய்தா கேட்பதில்லை.

ஆயினும் வைத்தியர்களின் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். இம்மருந்து இருமல் மாத்திரையைப் போல் அள்ளிக் கொடுக்கக் கூடியதன்று. ஏற்கெனவே கிருமி புகுந்துள்ள ஒருவர் இதை மட்டும் சாப்பிட்டு வந்தால், வியாதி தீராது; அதோடு, கிருமி இம்மருந்தையே எதிர்த்து நிற்கக் கற்றுக் கொண்டு விடும். ஆகையால் முதலில் இரத்தச் சோதனை அவசியம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அவசியம். சிறுநீரகத்தின் நிலையையும் கவனிக்க வேண்டும். மேகநோய் முதலிய பிற தொற்றுக்களை இது தடுக்காது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்யாத கடைக்காரர் வெறும் வியாபாரி. செய்கிறவரோ, வெள்ளை அங்கி எந்தத் தையற்காரர் தைத்ததானாலும், வைத்தியத்துக்குத் துணைவரே. கலிபோர்னியாச் சட்டமும் சரி, தென்னாப்பிரிக்கத் திட்டமும் சரி, சோதனையை விட்டு விடவில்லை. சோதனை நடக்கும் இடத்தைத்தான் மாற்றின.

இன்னொரு ஆட்சேபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடைக்காரருக்கு நம்மைத் தெரியும். நம் அத்தையையும் தெரியும். அங்கே போய் இம்மருந்தைக் கேட்டால் மறுநாள் ஊரெல்லாம் பரவாதா? இது மெய்யான பயம். கடையில் கதவு சாத்திய ஒரு சிறு அறையும், வாயைக் கட்டிய ஒரு மருந்தாளுநரும் இல்லாவிட்டால், மருந்துக் கடை வைத்தியசாலையை விட மோசமான இடமாகி விடும். அறைக்குச் செலவு கொஞ்சம்தான். வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். அதற்குப் பயிற்சியும் வேண்டும், மீறினால் தண்டனையும் வேண்டும்.

இம்மருந்துகளின் சரித்திரத்தில் நம் தேசத்துக்குப் பெருமை தரும் பகுதி ஒன்று உண்டு. 1935-ல் பம்பாயில் ஸ்தாபிக்கப்பட்டு, 1939-ல் காந்தியடிகள் நேரில் வந்து பார்வையிட்ட ஸிப்ளா கம்பெனி, எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான முக்கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக 2001-ல் முன்வந்தது. அப்போது மேனாட்டுக் கம்பெனிகளின் விலை பல்லாயிரம் டாலர். இப்போது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக் கொள்ளும் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசி வந்திருக்கிறது. 2025-ல் அமெரிக்கா இதை அனுமதித்தபோது அங்கே குறிக்கப்பட்ட விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஹைதராபாத்திலுள்ள டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ என்னும் இரு கம்பெனிகளோ, ஏழை நாடுகளுக்கு 2027 முதல் சுமார் 40 டாலருக்குத் தர ஏற்பாடாகி இருப்பதாக அதே வருஷத்தில் செய்தி வெளியாயிற்று.

விலையைக் குறைக்க நம்மவர்களால் முடிந்தது. வெட்கத்தைக் குறைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அந்த வேலை வீடுகளில்தான் நடக்க வேண்டும். வயது வந்த பிள்ளையிடமும் பெண்ணிடமும் இப்படி ஒரு வியாதி உண்டு, இப்படி ஒரு காப்பும் உண்டு என்று தாய் தந்தையர் ஒரு முறை வாய் திறந்து சொல்லி விட்டால், அவர்கள் எந்தக் கடையின் படியிலும் தலை நிமிர்ந்து ஏறுவார்கள்.