85 கிலோ தாண்டினா ஆட்டம் குளோஸ்!

உங்க காலேஜ் கபடி டீம் செலக்‌ஷன்ல ஒல்லிப் பசங்களை எங்கே நிறுத்துவாங்க? கரெக்ட்... கோட்டுக்கு வெளியே, தண்ணி பாட்டிலோட! நானும் அந்தக் கோஷ்டிதான் பாஸ். எடை 58 கிலோ. 'பிடிக்கிறதுக்கு உடம்பு வேணும் தம்பி, தேத்திட்டு அடுத்த வருஷம் வா'ன்னு அனுப்பிட்டாங்க. அந்தக் கடுப்புலதான், கோடிகளைக் கொட்டுற புரோ கபடி ஏலத்துல டிஃபெண்டரை எதைப் பார்த்து எடுக்கிறாங்கன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

முதல் ஆச்சரியம், அங்கே உடம்புக்கே உச்சவரம்பு இருக்கு! 85 கிலோவைத் தாண்டினா ஆட முடியாது. ஆக, எடையை ஏத்திக்கிட்டே போய் யாரும் ஜெயிக்க முடியாது. அப்போ காசு எதுக்கு?

புரோ கபடி ஏலத்துல முதன்முதலா ஒரு கோடியைத் தொட்டவர் ரெய்டர் இல்லைங்க, டிஃபெண்டர்! ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலி. 2018-ல் யு மும்பா எடுத்தது. அவர் நிக்கிற இடம், இடது கார்னர். அதே 2018 சீஸன்ல உ.பி. யோதா அணியின் வலது கார்னர் நிதேஷ் குமார், பிடிச்சே 100 பாயின்ட் எடுத்தார். ஒரே சீஸன்ல அதைத் தொட்ட முதல் டிஃபெண்டர் அவர்தான்.

கார்னருக்கு ஏன் இவ்வளவு மவுசு? ரெய்டர் போனஸ் எடுக்கணும்னா ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டணும், இன்னொரு கால் அந்தரத்துல இருக்கணும். அந்த ஒரு நொடி அவரோட மொத்த எடையும் ஒத்தைக் கால்ல! மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவனுக்கும் புரியும்... அப்போ கணுக்காலைப் பிடிச்சா, 80 கிலோ ஆளும் சாய்வான். ஆனா அரை நொடி முந்திட்டா, பிடிச்சவர் அவுட். உதவிக்குப் பாய்ஞ்சு தொட்ட ரெண்டு பேரும் சேர்ந்து அவுட். ஏலத்துல காசு கொடுத்து வாங்குறது அந்தப் பொறுமையைத்தான்!

அதுக்காக உடம்பே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. உள்பக்கம் நிக்கிற 'கவர்' ஆளுக்கு, ஓடி வர்றவனை மறிக்கவும், இடிச்சு வெளியே தள்ளவும் கனம் உதவும். கார்னர்லயும் கனமான ஆள் உண்டு... ஆஜானுபாகுவான ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியைப் பாருங்க. 2023 ஏலத்துல புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தது. அந்த சீஸன் கோப்பை புனேக்கு. 2024-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடி; கோப்பை ஹரியானாவுக்கு. 'சைஸ்தான் மேட்டர்'னு சொல்றீங்களா? வெயிட் ப்ளீஸ்! 2025-ல் குஜராத் ஜயன்ட்ஸ் 2.23 கோடி கொடுத்தது. கோப்பையைத் தூக்கினது தபாங் டெல்லி. அதே ஆள், அதே உடம்பு. பக்கத்துல நிக்கிற ஆறு பேரும் சேர்ந்து பிடிச்சாத்தான் அது டிஃபென்ஸ்.

இதைப் புரிஞ்சுக்க நான் ஏலக் கணக்கையெல்லாம் நோண்டியிருக்கவே வேண்டாம். எங்க வரிச்சிக்குடியில பொங்கல் மேட்ச் பார்த்தாலே போதும். கார்னர்ல நிக்கிற அண்ணன் என்னைவிட ஒரு சுத்து கம்மி. பாடி வர்றவன் தொடையைத் தட்டுவான், சீண்டுவான், கிண்டல் பண்ணுவான்... அண்ணன் அசைய மாட்டார். காலை நீட்டினான்னா, அவ்வளவுதான்! 'எப்படிண்ணே?'ன்னு கேட்டா, 'அவன் மூஞ்சியைப் பார்க்காதடா, காலைப் பாரு'ம்பார்.

டீம் எடுக்கிற சீனியர்களே, கோச்சுங்களே... தராசை ஓரமா வெச்சுட்டு, ஒல்லிப் பசங்களைக் கார்னர்ல நிறுத்தி பத்தே பத்து ரெய்டு விட்டுப் பாருங்க. எத்தனை பிடிக்கிறான்னு மட்டுமில்ல, எத்தனை தடவை அவசரப்படாம நிக்கிறான்னும் எண்ணுங்க.

அடுத்த செலக்‌ஷனுக்கு நான் ரெடி. இந்தத் தடவை 'எங்கே வேணா நிக்கிறேன் சார்'னு வழியப் போறதில்லை. 'கார்னர்'னு கேட்டு நிக்கப் போறேன். பாட்டிலைக் கீழே வெச்சுட்டு நீங்களும் வர்றீங்களா?