கோட்டை கட்டினர், கோட்டையை இடித்தனர்

இரண்டாம் வேற்றுமையை நடத்துகையில் நாம் பல்லாண்டாகச் சொல்லிவந்த விதி எளியது: செயப்படுபொருள் உயர்திணையானால் ஐ உருபு வெளிப்படும், அஃறிணையானால் தொகவும் கூடும். புதுவையில் ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியானால் 'பெண் பார்த்தார்கள்' என்பது பிழையா, ஐயா?" என்றாள். நாம் தடுமாறினோம். பெண் உயர்திணை, உருபு இல்லை, பிழையும் இல்லை.

விடை பெயரில் மட்டும் இல்லை, வினையிலும் இருக்கிறது என்பதே நம் கருத்து. இவ்வூர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டினர். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்தனர். முன்பே சுட்டப்பட்ட கோட்டையாதலின் உருபு வந்தது எனலாம். ஆனால் முன்பின் அறியாத வீட்டைப் பற்றிப் பேசினும், 'ஒரு வீடு கட்டினார்கள்' என்பது இயல்பாகவும் 'ஒரு வீடு இடித்தார்கள்' என்பது குறையாகவும் ஒலிக்கக் காண்கிறோம். கட்டும் வரை வீடு இல்லை. இடிப்பதற்கோ அது முன்பே இருந்தாக வேண்டும். 'பெண் பார்த்தார்கள்' என்பதிலும் பார்த்தல் தேடுதலே. பெண் இன்னும் ஓர் ஆளாகவில்லை. 'பெண் அடித்தார்கள்' என்று அப்பொருளில் சொல்ல இயலாது. அடிபட ஒருத்தி இருந்தாக வேண்டும்.

நன்னூலார் ஐ உருபின் பொருளை ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என வினைவகையாலேயே பகுத்தார். உருபு எப்போது தொகும் என்று சொல்ல வந்த பகுப்பன்று அது. எனினும் ஆக்கலும் அழித்தலும் வேறு வேறு என்று அவர் பிரித்தது நமக்குக் கைகொடுக்கிறது. இன்றைய உரைநடையில் 'வீடு கட்டினான்' என்போம். 'புலியை ஒத்தான்', 'வீட்டைத் துறந்தான்' என்பவற்றில் உருபை விட மனம் வராது.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு உரைநடையில் நேர் செயப்படுபொருளுக்கு இத்தகைய உருபே இல்லை. அதன் உடன்பிறப்பான எசுப்பானியத்தில் மனிதரைக் குறிக்கும் செயப்படுபொருளின் முன் 'அ' என்ற இடைச்சொல் வரும். அங்கும் 'கொன்றான்' போன்ற வினை அதனை வேண்டும். 'இரு பிள்ளைகளை உடையேன்' என்னும் உடைமை வினை பொதுவாக வேண்டாது.

திணை விதியைக் கைவிடுக என்பதன்று நம் வாதம். அதனோடு நில்லாமல், நன்னூலின் ஆறு வகைக்கும் எடுத்துக்காட்டுத் தந்து, உருபை நீக்கியும் சேர்த்தும் மாணவரையே சொல்லிப் பார்க்கச் செய்வோம். அன்று அந்த மாணவியின் காது நம் பாடக்குறிப்பைவிடக் கூர்மையாக இருந்தது.