பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கலாமா?

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி. அதைத் திறக்கும் வித்தை ஒரு திருடனுக்குத் தெரிந்துவிட்டால், அதே மாதிரிப் பூட்டு தொங்குகிற அத்தனை வீடுகளுக்கும் ஆபத்துதான்.

கம்ப்யூட்டர் விஷயமும் இதே கதைதான்.

திண்டுக்கல் நகரத்திலும், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் பல வீடுகளில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. மகனோ மகளோ பிளஸ்-2 படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அல்லது கடைக் கணக்குக்காக எப்போதோ வாங்கியது. அதைத் திறந்தால், திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது. "புதுப்பிக்க வேண்டும்" என்கிறது.

சரி என்று அமுக்கினால் கம்ப்யூட்டர் படுத்துவிடுமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். வேண்டாம் என்று விட்டால் பாங்கிப் பணம் போய்விடுமோ என்று அவர் மனைவிக்குப் பயம்.

இருவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

கம்பெனி கைவிட்டது

கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் மூல புரோகிராம்களில் ஒன்று விண்டோஸ். அதைத் தயாரிப்பது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க ஒட்டு அனுப்புவார்கள். இதுதான் "அப்டேட்".

இந்த உதவி சாகும்வரை வருவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது.

நின்ற மறுநாள் கம்ப்யூட்டர் ஓடாமல் போய்விடாது. முன்போலவே ஓடும். அதுதான் ஏமாற்று! ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை என்பது வெளியே தெரிவதில்லை.

மார்ச்சில் மருந்து, மே மாதத்தில் நோய்

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி உலகையே ஒரு கம்ப்யூட்டர் கிருமி கலக்கியது. அதன் பெயர் "வான்னாகிரை". கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு, கடிதம், படம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு, திறந்து விடுகிறேன்" என்று மிரட்டியது.

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப் போடப்பட்டன. பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

இதில் வேதனை என்ன தெரியுமா? அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே மைக்ரோசாப்ட் ஒட்டு அனுப்பிவிட்டது. சிக்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை. அன்று அதற்கு உதவி நின்றிருக்கவில்லை. ஒட்டு வந்தும் போடாமல் விட்டதுதான் வினை.

இன்னொன்றும் உண்டு. "இன்ன இடத்தில் ஓட்டை, அடைத்துக் கொள்ளுங்கள்" என்று கம்பெனி அறிவித்தால், அதைத் திருடனும் படிக்கிறான். அடைக்காத வீடு எது என்று தேடுகிறான். ஆகவே, அறிவிப்பு வந்த பிறகு சும்மா இருப்பது, வருவதற்கு முன் சும்மா இருந்ததைவிட ஆபத்து.

அடுத்த ஆண்டே, 2018 ஜூனில், எக்ஸ்பி ஓடிய ஏ.டி.எம். இயந்திரங்களை எல்லாம் 2019 ஜூனுக்குள் மாற்றும்படி பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது.

அவசரமும் கெடுக்கும்

அப்படியானால் வந்ததை எல்லாம் வந்த நிமிஷமே போட்டுவிடலாமா?

2024 ஜூலை 19-ல் நடந்ததைப் பாருங்கள். "கிரவுட்ஸ்டிரைக்" என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! காவலுக்கு வந்தவனே கதவை அடைத்துக் கொண்ட கதை. பெரிய கம்பெனிகள் வாங்கும் புரோகிராம் அது என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தப்பின.

வீட்டுக்காரர் மூன்று நாலு நாள் பொறுத்துப் போடுவதில் தவறில்லை. விண்டோஸிலேயே ஒரு வாரம் தள்ளிப் போடும் வசதி இருக்கிறது. மூன்று நாலு மாதம் பொறுப்பதுதான் தவறு.

கரண்டும் டேட்டாவும்

கிராமத்தில் வேறு தொல்லை. பழைய லேப்டாப்பின் பாட்டரி செத்திருக்கும். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்டு போனால், கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். செல்போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் டேட்டா முழுவதும் ஒரே அப்டேட்டில் காலியாகிவிடும். "மீட்டர்ட் கனெக்ஷன்" என்று குறித்து வைத்தால், விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு இறக்குவது பெரும்பாலும் குறையும்.

கல்யாணப் படங்கள், நிலப் பத்திர நகல், கடைக் கணக்கு எல்லாவற்றையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்தப் பொத்தானும்.

எதற்கு எது?

சில்லறை ஒட்டு வேறு, ஆளையே மாற்றுவது வேறு. பாதுகாப்பு ஒட்டு என்றால் பழைய கம்ப்யூட்டருக்கும் போட வேண்டியதுதான். விண்டோஸ் 11-க்கு மாறுவது அப்படி அல்ல. அதற்கு 4 ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவசத் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்புகளுக்கு இந்தத் தகுதி கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று கடையில் சொல்லலாம். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டு மட்டும் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் சேர்ந்து செட்டிங்ஸைப் பதிந்து வைப்பவர்களுக்கு இலவசம்.

காசில்லாமல் வேறு வழியும் உண்டு. லினக்ஸ் என்ற இலவச மூல புரோகிராம் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ் லினக்ஸ்", இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! பாட்டுக் கேட்க, பாடம் படிக்க, கடிதம் அடிக்க லினக்ஸ் போதும். ஆனால் அன்று வந்த பழைய பதிப்புக்கும் வயதாகிவிட்டது. புதிய பதிப்பைத்தான் ஏற்ற வேண்டும்.

எடைமேடைக் கம்ப்யூட்டர் நிலைமை வேறு. பல இடங்களில் அதன் புரோகிராம் பழைய விண்டோஸில்தான் ஓடும். மாற்றினால் லாரி வரிசையில் நிற்கும். அதைத் தொடாமல் விடலாம். ஆனால் இன்டர்நெட் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கண்ட பென் டிரைவையும் செருகக் கூடாது. பாங்கி வேலையை அதில் பார்க்கவே கூடாது. அதற்கு, இன்னும் ஒட்டு வந்து கொண்டிருக்கிற ஒரு செல்போன் எவ்வளவோ மேல்.