ஆணி புடுங்க ஒரு சுவர் வேணும்

கொஞ்சம் காட்டமான பதிவு மக்களே, பொறுத்துக்கோங்க.

ஓஎம்ஆர்ல பொட்டி தட்டுற ஆளு நான். போன வருஷம் எங்க ஆபீஸ்ல இருந்த தடுப்பையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, கல்யாணப் பந்தி மாதிரி நீள நீளமா மேசை போட்டாங்க. யாருக்கும் சொந்த இடம் கிடையாது. தினமும் காலையில ஆப்ல சீட் புக் பண்ணணும். லேட்டானா பாத்ரூம் வாசல்தான். ஏன் இப்படின்னு கேட்டா எங்க டேமேஜர் சொல்றார், "அப்பதாம்பா எல்லாரும் கலந்து பேசுவீங்க."

பேசினோமா? எல்லார் காதுலயும் ஹெட்போன். பக்கத்து சீட்டுக்காரன் "டீ போலாமா"ன்னு சாட்ல கேக்கறான்!

இது எங்க ஆபீஸ் கூத்து மட்டும் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும், தடுப்பை எடுத்த ரெண்டு பெரிய கம்பெனிகள்ல ஊழியர்கள் மேல கருவி மாட்டி அளந்து, 2018ல முடிவை வெளியிட்டாங்க. நேருக்கு நேர் பேசறது சுமார் 70 சதவீதம் குறைஞ்சிருந்தது. மெயிலும் சாட்டும் ஏறியிருந்தது. ஆக, கலந்து பேசறதுக்குன்னு சொல்றது சும்மா. ஆளுக்கு இத்தனை சதுர அடின்னு குறைச்சா வாடகை மிச்சம், அவ்ளோதான். அதை நேரா சொல்லிட்டா இவ்ளோ கோவம் வராது.

1987லயே டாம் டிமார்கோவும் டிமதி லிஸ்டரும் 'பீப்பிள்வேர்' புத்தகத்துல இதை எழுதிட்டாங்க. புரோகிராமர்களுக்குப் போட்டி வெச்சுப் பார்த்ததுல, நல்லா செஞ்ச முதல் கால்வாசிப் பேருக்கு ஆபீஸ்ல இருந்த இடம் சராசரியா 78 சதுர அடி. கடைசி கால்வாசிக்கு 46. 'நல்ல ஆளுங்க நல்ல ஆபீஸா பார்த்துச் சேர்ந்திருப்பாங்க'ன்னு சொல்லலாம். சரி, அப்பவும் நல்ல ஆள் வேணும்னா நல்ல இடம் குடுக்கணும்னுதானே ஆகுது?

நம்ம வேலை அப்படி. ஒரு பக்கைத் துரத்தும்போது நாலு ஃபைல், பத்து வேரியபிள் எல்லாம் தலைக்குள்ள நிக்கணும். "பாஸ், ஒரு நிமிஷம்"னு ஒருத்தர் தோளைத் தட்டினா மொத்தமும் சரிஞ்சிடும். அவருக்கு ஒரு நிமிஷம், நமக்கு அரை மணி.

இதெல்லாம் கூட பழகிடுச்சு. பொறுக்க முடியாதது வேற.

எங்க டீம்ல ஒரு தம்பி காதுக் கருவி போடறவன். முன்னாடி சுவரோரமா ஒரு மூலை சீட்ல இருந்தான், பிரமாதமா வேலை செஞ்சான். இப்ப நடு ஹால். அந்தக் கருவி அவன் பேச்சு கேக்க வேண்டிய ஆளோட குரலை மட்டுமா பெருக்கும்? ஏசி, கீபோர்டு, பின்னாடி மேசை கான்ஃபரன்ஸ் கால், எல்லாத்தையும்தான். சாயந்தரமானா தலைவலி. தாங்காம கழட்டி வெச்சிடுவான், அப்புறம் கூப்பிட்டா கேக்காது. அப்ரைசல்ல என்ன வந்துது தெரியுமா? 'டீமோட ஒட்டுவதில்லை.'

பழைய மூலையைக் கேட்டான். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க"ன்னுட்டாங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் கம்பெனியும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடணும். எங்க வெப்சைட்லயும் அழகா இருக்கு. ஒரு நாற்காலிதான் இல்லை.

அவன் கேட்டப்ப நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். வாயைத் திறக்கலை. நமக்கும் அப்ரைசல் இருக்கேன்னு ஒரு பயம். அதுதான் இன்னமும் உறுத்துது.

ஆளுக்கொரு கேபின் கேக்கலைங்க. போன் பேச கதவு வெச்ச ரெண்டு ரூம். சத்தம் போடக்கூடாத ஒரு பகுதி. தேவைப்படறவங்களுக்கு நிரந்தர சீட். இவ்ளோதான். நேத்து இதை மெயிலா அடிச்சு, என் பேரைப் போட்டே அனுப்பிட்டேன்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவர் கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்க கேளுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவை வீட்ல உக்காந்து எழுதினேன். ஆபீஸ்ல நாலு வரி சேர்ந்தாப்ல யோசிக்க முடியாது.